கொக்கிரகுளத்தின் கொம்பு எங்கிருந்து வருகிறது?

கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் உள்ள விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியோ அந்தப் பழைய பெட்டியில் இல்லை. அதை எடைக்குப் போட்டுவிடாமல், கட்டற்ற மென்பொருள்களை மட்டுமே கொண்டு நடத்த முடியுமா, முடியுமானால் தமிழ் எழுத்து உடையாமல் வருமா என்று அவர் கேட்கிறார். முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி பல ஆண்டுகளாக என் மனத்துக்கு நெருக்கமானது என்பதால், அதற்குச் சற்று இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்பதை விலையில்லா மென்பொருள் என்று புரிந்துகொள்ளக் கூடாது. எந்தத் தேவைக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியும் கொடுக்கலாம் என்னும் நான்கு உரிமைகளும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் சேர்ந்ததுதான் நாம் நிறுவப்போகும் இயக்குதளம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயக்குதளமும் சேர்த்தே வழங்கப்பட்டது.

நிறுவும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். முதலில் தேவையான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு குனூவும் லினக்ஸும் சேர்ந்த டெபியன் இயக்குதளத்தின் நேரடிப் பதிப்பைத் தரவிறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். வன்தட்டைத் தொடாமலேயே ஒலி, வைஃபை, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மனம் ஒப்பினால் நிறுவலாம். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. திரைமுகம் போதும். இணையத்துக்கு ஃபயர்பாக்ஸும், எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸும், படம் பார்க்க வி.எல்.சி.யும் உள்ளன. ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பல வைஃபை சில்லுகள், தம் உள்ளே ஓடும் பர்ம்வேர் என்னும் நிரலைக் கேட்கின்றன; அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, தயாரித்த நிறுவனம் தருவதில்லை. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அத்தகைய பர்ம்வேரும் நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. 'மட்டுமே' என்ற சொல்லில் உறுதியாக இருப்பவர்கள் கட்டற்ற நிரல்கள் மட்டுமே கொண்ட டிரிஸ்க்வெல் போன்ற இயக்குதளத்தை நிறுவி, அத்தெரோஸ் ஏஆர்9271 சில்லு உள்ள யு.எஸ்.பி. வைஃபை துண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அதன் பர்ம்வேருக்கும் மூலநிரல் உண்டு.

இனி இரண்டாவது கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் திருமண அழைப்பிதழுக்கு அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தபோது, மண்டப முகவரியில் இருந்த 'கொக்கிரகுளம்' என்ற சொல்லில் 'க' முன்னால் நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றிப் பின்னால் கிடந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள், தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சகுனம் பார்ப்பதைப் போலவே இதுவும் காரணம் தேடாத நம்பிக்கைதான் என்பது என் கருத்து.

காரணத்தைப் பார்ப்போம். தமிழ்99 விசைப்பலகையில் 'கொக்கிரகுளம்' என்று எழுத க, ஒ, க, க, இ, ர, க, உ, ள, ம, புள்ளி என 11 விசைகளைத் தட்டுகிறோம். 'க' அடுத்தடுத்து இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். கணினி இதை 12 எண்களாகச் சேமிக்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் உள்ளன. 'க' 2965, ஒகரக் குறி 3018, புள்ளி 3021. ஆகவே 'கொ' என்பது 2965, 3018 என்ற இரண்டு எண்கள், அவ்வளவே. முதலில் மெய், அடுத்து உயிர் என்று, நாம் ஒலிக்கும் வரிசையிலேயே அவை இருக்கின்றன. ஆனால் தாளில் முதலில் நிற்பது ஒற்றைக் கொம்பு.

பாளையங்கோட்டையில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட அச்சகம் ஒன்றில், சிறுவனாக இருந்தபோது, அச்சுக்கோப்பவரின் அருகே நின்று பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் படியில் 'கொ' வந்ததும் அவர் விரல்கள் முதலில் கொம்பு இருந்த அறைக்குப் போகும், பிறகு 'க', பிறகு துணைக்கால். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586இல் தமிழ் நூல் அச்சேறியபோது கோத்தவரும் கொம்பைத்தான் முதலில் எடுத்திருப்பார். நம் கணினியில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரல். எழுத்து, திறந்த என்று பொருள்படும் பாரசீகச் சொற்களால் ஆன பெயர் அது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்திலும் தமிழைக் கோப்பது அதுவே.

3018 வந்ததும் ஹார்ஃப்பஸ் அதை 3014, 3006 என்று, அதாவது கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிக்கிறது. கால் இருந்த இடத்திலேயே நிற்க, கொம்பை மட்டும் அசையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. வேலை இத்துடன் முடிவதில்லை. 'எடுத்துக்கொண்டு' என்ற சொல்லில் உள்ள 'க்கொ' ஹார்ஃப்பஸின் கணக்கில் ஒரே அசை. கொம்பு அசையின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் 'க்' என்ற எழுத்துக்கும் முன்னால் வந்து தவறாகிவிடும். 'க்ஷேத்திரம்' என்று எழுதும்போதோ, கொம்பு 'க்ஷ' முழுமைக்கும் முன்னால் வர வேண்டும். இரண்டிலும் சேமித்த எண்களின் அமைப்பு ஒன்றுதான்: மெய், புள்ளி, மெய், உயிர்க்குறி. வேறுபாட்டை ஹார்ஃப்பஸ் எழுத்துருவிடம் கேட்டே அறிகிறது. இரண்டு மெய்களையும் சேர்த்து ஒரே வடிவம் உன்னிடம் உண்டா என்று கேட்கிறது. உண்டென்றால், 'க்ஷ' ஒன்றாகிவிட, கொம்பு அதற்கு முன்னே நின்றுவிடுகிறது. இல்லையென்றால், புள்ளி பெற்ற மெய்யைத் தாண்டி, அடுத்த மெய்யின் வாசல் வரை கொம்பு மீண்டும் நகர்கிறது. கொண்டுவைத்ததை மறுபடி சரிபார்க்கும் இந்த இரண்டாம் நகர்த்தலை முதன்முதலாகப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. மலையாளத்திலும் தமிழிலும், இந்தியில் போல மெய்யைப் பாதியாக எழுதும் அரையெழுத்து வடிவங்கள் இல்லை, ஆகவே இங்கு விதி வேறு என்று அந்த மூலநிரலிலேயே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. கட்டற்றது என்பதால்தான் அதைத் திறந்து படிக்க முடிந்தது.

வரிசை ஹார்ஃப்பஸின் பொறுப்பு என்றால், வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. உகரம் 'கு'வில் ஒருவிதமாகவும் 'சு'வில் வேறுவிதமாகவும் 'து'வில் இன்னொரு விதமாகவும் ஒட்டிக்கொள்கிறது. இந்த அறிவு முழுவதும் எழுத்துருக் கோப்புக்குள் அட்டவணையாக இருக்கிறது. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் எழுத்துரு எதுவானாலும் இத்தகைய உரிமத்தில்தான் வெளிவர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மொழித் தொழில்நுட்பத்துக்கான நிதியில் ஒரு பங்கை ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்களைப் படித்துத் திருத்தும் மாணவர்களுக்கு ஒதுக்கவும் வேண்டும். இறுதியில் ஃப்ரீடைப் என்னும் நிரல் அந்த வடிவங்களின் எல்லைக்கோட்டுக்குள் திரைப்புள்ளிகளை நிரப்ப, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. அழைப்பிதழை வடிவமைத்த மென்பொருளில் எழுத்தைக் கோக்கும் இந்த வேலை மட்டும் நடக்கவில்லை, தமிழில் குறையொன்றும் இல்லை.

ஆசிரியர் ஐயா தம் பழைய வினாத்தாள்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அவை யூனிகோடு முறையைப் பின்பற்றாத பாமினி வகைப் பழைய எழுத்துருவில் உள்ளன என்றால், அங்கே எழுத்துகள் கண்ணில் படும் வரிசையிலேயே, கொம்பு முதலாக, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கும்; யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அவற்றை ஒலி வரிசைக்குத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் பிழையின்றி நடக்கும். ஔகாரக் குறிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே இடம் இருந்த கோப்புகளில் மட்டும், தாமிரபரணி வெள்ளம் என்று எழுதியதில் 'வெ', 'ள' இரண்டையும் சேர்த்து 'வௌ' என்று அந்த நிரல் எடுத்துக்கொள்ளக் கூடும். 'ள' வரும் அத்தகைய சொற்களை அவர் தம் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.