ரொக்கெட், வாணம், ஏவூர்தி

கொழும்புத் தமிழர் வாயில் இந்தச் சொல் 'ரொக்கெட்'. எழுதும்போது ரொக்கட், றொக்கெற், தமிழகப் பத்திரிகைகளைப் பார்த்து ராக்கெட் என்று பல உருவம் எடுக்கும். தீபாவளிக்குக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போத்தலில் நிறுத்திக் கொளுத்துகிறோமே, அதற்கு மட்டும் ஈர்க்குவாணம் என்று தனிப்பெயர். இயங்கும் முறையைப் பார்த்தால் விண்ணுக்குப் போகும் ரொக்கெட்டும் இதுவும் ஒரே இனம்தான்.

ஆங்கிலத்துக்கு இச்சொல்லைக் கொடுத்தது இத்தாலிய மொழி. அங்கே 'ரொக்கெத்தோ' என்றால் நூல் சுற்றும் சிறு கட்டை; நம் தையற்காரர் 'பொபின்' என்பது. மருந்து அடைத்த குழாய் அந்த வடிவில் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பறப்பதைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. சீனர் வைத்த பெயர் 'ஹுவோஜியான்', நெருப்பம்பு. நம் வாணமும் வடமொழிப் 'பாண'த்தின் வழி வந்தது, அதுவும் அம்புதான். ஏவுகணையிலோ அம்பு இரட்டிப்பு: கணை என்றாலே அம்பு, பழந்தமிழில் 'ஏ' என்பதற்கும் அந்தப் பொருள் உண்டு.

அழகான பெயர்கள்தான், ஆனால் அறிவியலைப் புரிந்துகொள்ள இந்த அம்பு உதவாது. நாணை விட்டுப் பிரியும்போதே அம்பு தன் வேகம் முழுவதையும் பெற்றுவிடுகிறது. பிறகு காற்று அதைக் குறைக்கும். ரொக்கெட் தளத்தை விட்டு மெல்லத்தான் எழும்புகிறது. அதன் வேகமெல்லாம் போகிற வழியில் சேர்கிறது, அதுவும் தன்னிடம் உள்ளதைத் தானே வீசியெறிந்து.

பேர வாவியில் ஒரு வள்ளத்தில் நின்று தேங்காய்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் எறிந்தால் வள்ளம் முன்னே நகரும். ரொக்கெட் எறிவது வாயுவை. எரிபொருளும் ஒட்சிசனும் எரிந்து உண்டாகும் சூடான, அமுக்கம் கூடிய வாயு, ஒடுங்கி விரியும் வாய் வழியாகப் பின்னால் பாய்கிறது. அந்த வாயு கொண்டுபோகும் உந்தத்துக்கு, அதாவது திணிவை வேகத்தால் பெருக்கி வருவதற்கு, சமனான உந்தம் எதிர்த்திசையில் ரொக்கெட்டுக்குக் கிடைக்கிறது. சாதாரணதரப் பாடத்தில் வரும் தாக்கமும் மறுதாக்கமும்தான். நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதி.

வாயு வெளிக்காற்றைத் தள்ளுவதால்தான் ரொக்கெட் பறக்கிறது என்ற எண்ணம் இன்றும் பலருக்கு உண்டு. 1920இல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையே, வெற்றிடத்தில் ரொக்கெட் இயங்காது என்ற நினைப்பில் அமெரிக்க ரொக்கெட் ஆய்வாளர் ரொபர்ட் கொடார்டைக் கிண்டலடித்து ஆசிரியத் தலையங்கம் எழுதியது. அவர் 1926இல் முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டைப் பறக்கவிட்டார். பத்திரிகை திருத்தம் போட்டது 1969 ஜூலை 17இல், அப்பலோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள்! உண்மையில் காற்று ரொக்கெட்டுக்கு இடைஞ்சல். எரிவதற்கான ஒட்சிசனைக்கூட அது தானே சுமந்து போகிறது.

சுமப்பதுதான் பெரும்பாடு. ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, வாயு விநாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ரொக்கெட் அதே 3 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்குப் புறப்படும்போதுள்ள திணிவு, எரிந்து முடிந்தபின் மிஞ்சும் திணிவைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு இருக்கவேண்டும். 6 கிலோமீற்றருக்கு 7.4 மடங்கு. 9 கிலோமீற்றருக்கு 20 மடங்கு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிற்க விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் தேவை. ஈர்ப்பும் காற்றும் தின்னும் பங்கைச் சேர்த்தால் 9ஐயும் தாண்டும். 20இல் 19 பங்கு எரிபொருளாக ஒரு வாகனத்தை யார் கட்டுவது? அதனால்தான் அதைக் கட்டங்களாகப் பிரித்து, வெறுமையான தாங்கிகளை வழியிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

ஈர்க்குவாணத்தின் ஈர்க்கு அலங்காரத்துக்கு அல்ல. பின்னால் நீண்டு நின்று, வாணம் குத்துக்கரணம் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. பெரிய ரொக்கெட்டுகளில் இயந்திரத்தின் வாயையே சற்றுச் சாய்த்துத் திசையைத் திருத்துவார்கள்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? பொருளுக்கு மிக நெருங்கியது 'உந்துகணை' என்பேன். உந்துவது அதன் இயல்பு. ஆனால் போர்க்காலத்தில் தோளில் வைத்துச் சுடும் ஆயுதத்தோடு ஒட்டிப்போன சொல் அது. 'பல்குழல் எறிகணை' என்று செய்திகளில் கேட்டு நடுங்கினோமே, அதுவும் உண்மையில் ரொக்கெட்தான், எறிகணை அல்ல: எறிகணை குழலுக்குள்ளேயே வேகம் பெற்றுவிடும். இந்தக் காதுகளுக்கு 'கணை' முடிவுள்ள எந்தச் சொல்லும் விண்வெளிக்குப் பொருந்தாது. ஆகவே 'ஏவூர்தி' என் தெரிவு. 'ஏவு' கொஞ்சம் அம்பு வாடை அடித்தாலும் 'ஊர்தி' அதை ஈடுகட்டுகிறது. தானே போவது, சுமையோடு போவது. பேச்சில் ரொக்கெட்டே இருக்கட்டும், யாரும் மாற்றப்போவதில்லை.

செய்தி எழுதுவோர் குழப்பிக்கொள்ளும் இடம் வேறு. 2019 ஏப்ரலில் இலங்கையின் இராவணா-1 அமெரிக்காவின் வேர்ஜினியாவிலிருந்து போனது. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அந்தச் சிறு பெட்டி செய்மதி. அதைச் சர்வதேச விண்வெளி நிலையம்வரை கொண்டுபோன சிக்னஸ், விண்கலம். சிக்னஸைத் தூக்கிச்சென்ற அன்டாரிஸ், ஏவூர்தி. குறிபார்த்துத் தாக்க வெடிபொருள் சுமந்து போவதற்கு மட்டும் 'ஏவுகணை' என்ற சொல்லை விட்டுவைக்கலாம்.