கண்ணாடியிழை வடிதாள்

வைகைத் தண்ணீரையோ வண்டியூர்க் கண்மாய்த் தண்ணீரையோ ஆய்வகத்தில் சோதிக்கும்போது, வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றைப் புனலில் வைத்து, கீழிருந்து பம்ப் உறிஞ்ச உறிஞ்ச வடிகட்டுவார்கள். பெட்டியில் 'கிளாஸ் ஃபைபர் ஃபில்டர்' என்று போட்டிருக்கும், வாயில் வருவது வெறும் 'ஃபில்டர் பேப்பர்'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான ஃபில்டர் பேப்பர் செடிகொடியிலிருந்து வரும் செல்லுலோஸ். இதுவோ போரோசிலிகேட் என்ற, வெப்பம் தாங்கும் கண்ணாடியைத் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக்கி, நெய்யாமல், தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துச் செய்தது.

ஃபில்டர் என்ற சொல்லின் வேரும் நெய்யாத பொருளில்தான் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் 'ஃபில்ட்ரம்' என்றால் ஆட்டு உரோமத்தை நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித்துணி. ஃபெல்ட் என்கிறோமே, அதே குடும்பம். அதில் திரவங்களை ஊற்றி வடித்ததால் பொருளின் பெயரே வேலைக்கும் பெயராகிவிட்டது.

நம்மிடம் இதற்கு வடி, அரி என்று இரண்டு வேர்கள் உண்டு. வடித்தால் நீர் இறங்கும், அரித்தால் கல்லும் தூசியும் பிரியும். நெய்யை வடிகட்டும் பன்னாடைக்கு 'நெய்யரி' என்றே பெயர். நன்னூல் கடைசித்தர மாணவனுக்கு அதைத்தான் உவமை சொல்கிறது, நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறான் என்று. தண்ணீர்ச் சோதனையில் நமக்கு வேண்டியதே அந்தக் கசடுதான்! தாளை முதலில் கழுவி, உலர்த்தி, எடை போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அளந்த நீரை அதில் வடித்து, 103 முதல் 105 டிகிரி செல்சியஸில் காயவைத்து மறுபடி எடை போட்டால், கூடிய எடைதான் நீரில் கரையாமல் கலங்கிக் கிடந்த தொங்கல் திண்மம் (சஸ்பெண்டட் சாலிட்ஸ்). 200 மில்லி நீரில் 30 மில்லிகிராம் தங்கினால் லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று கணக்கு.

சரி, ஃபைபருக்கு நாரா, இழையா? நார் என்றதும் நம் ஊரில் மல்லிகை கட்டும் வாழைநார்தான் கண்முன் வரும், அதாவது செடியிலிருந்து உரித்தது. உருக்கி இழுத்ததற்கு இழைதான் பொருந்தும், ஒளியிழை என்று ஏற்கெனவே புழங்குகிறோம். தாள் என்பதும் மரக்கூழுக்கு மட்டும் உரியதல்ல, நெகிழித்தாள் என்று சொல்லவில்லையா? ஆகவே வட்டத்தாளுக்குக் 'கண்ணாடியிழை வடிதாள்' என்பதே என் தேர்வு. புனல், குடுவையெல்லாம் சேர்ந்த கருவிக்கு வடிகட்டி என்ற பெயரை விட்டுவிடலாம், இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

பெயரில் 'கண்ணாடி' இருப்பது மாணவர்களுக்கு ரொம்ப முக்கியம். கசடில் எவ்வளவு கரிமப்பொருள், எவ்வளவு மண் என்று பிரிக்க, தாளோடு சேர்த்து 550 டிகிரியில் உலையில் வைப்பார்கள். கரிமம் எரிந்துபோகும், கண்ணாடியிழை நிற்கும். அங்கே சாதாரண வடிதாளை வைத்தால் தாளும் சேர்ந்து எரிந்து கணக்கே கெட்டுவிடும். பசை சேர்க்காத கண்ணாடியிழைத் தாளாகப் பார்த்து வாங்கச் சொல்வதும் இதனால்தான், பசையும் எரிந்து எடையைக் குறைக்கும்.

அப்புறம், இந்தத் தாள் எல்லாவற்றையும் பிடிக்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று கொண்டுவந்தால், கரைந்த உப்பு முழுக்க வடிநீரோடு இறங்கிவிடும். வடிநீரை வற்றவைத்து 180 டிகிரியில் உலர்த்தித்தான் அதை எடை பார்க்க முடியும். பாக்டீரியா எண்ணவும் இது தோதுப்படாது. இந்தச் சோதனைக்குப் புழங்கும் வாட்மேன் நிறுவனத்தின் ஜி.எஃப்/சி என்ற கண்ணாடியிழைத் தாளின் துளையளவே சுமார் 1.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எண்ணிக்கைக்கு வேண்டியதோ 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வு வடிதாள்.