முதல் வாரத் திணறலை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

தான்சானியாவுக்குத் தன்னார்வப் பணிக்கு வருகிறவர்களின் பயிற்சிக்கால மருத்துவர் என்ற முறையில், மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு மலேரியாவோடு வந்து சேர்ந்த மூன்றாவது இளைஞருக்கு இவ்வாண்டு சிகிச்சை அளித்திருக்கிறேன். எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "முதல் வாரமே, டாக்டர். சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்துவிட்டேன்" என்றார். இந்தப் பதிலை இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுமையில்லை.

முதல் வாரம் கடினமானதுதான். காலையில் சுவாஹிலி வகுப்பு, நண்பகலில் பாதுகாப்பு வகுப்பு, இடையிடையே தடுப்பூசி, இரவில் முன்பின் அறியாத குடும்பத்தோடு அமர்ந்து உகாலி என்னும் மக்காச்சோளக் களி உண்ண வேண்டும். கடிகாரம்கூட மாறிவிடுகிறது, சுவாஹிலியில் விடியலிலிருந்து மணியை எண்ணுவதால், 'சா மோஜா', அதாவது முதல் மணி, என்றால் காலை 7 மணி. வீட்டுப் பெரியவருக்கு 'ஷிகமோ' என்று வணக்கம் சொல்ல மறந்ததற்காக என் முன் அமர்ந்து தேம்பி அழுதவர்கள் உண்டு.

இப்படித் திணறுகிறவர் பணிக்குத் தகுதியற்றவர் என்று யார் சொன்னார்கள்? மற்ற எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள், நான் மட்டுமே தடுமாறுகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். மதிய உணவின்போது சிரித்துப் பேசிய அதே முகங்கள் மாலையில் தனித்தனியே என் அறைக்கு வந்து அதையே சொல்கின்றன. அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் என்னும் தன்னார்வலர் அமைப்பில் பணிக்காலம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 117 வாரங்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அதுவும் தூக்கம் கெட்ட வாரத்தை வைத்துக்கொண்டு, தன்னைத் தானே எடைபோடுவது சரியன்று.

அந்த இளைஞரை வாட்டிய கெட்ட கனவுகளும் படபடப்பும் கோழைத்தனமல்ல. வாரம் ஒரு முறை அவர் விழுங்கிய மெஃப்ளோகுயின் மாத்திரை மனநிலையைப் பாதிக்கக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற வேறு தடுப்பு மாத்திரைக்கு மாற்றியிருப்பேன். (அதை உணவோடு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.)

எந்த மாத்திரையையும் என்னைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வாருங்கள். முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டவர்களுக்கும் மேலும் தவணைகள் தேவை. இரவுக் கனவு, அழுகை, வயிற்றுப்போக்கு எதுவானாலும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். காய்ச்சல் கண்டால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் முற்றிவிடக்கூடும். நள்ளிரவானாலும் என் கதவைத் தட்டுங்கள், தயவுசெய்து தட்டுங்கள்.