டுல்டுங்: விசா இல்லாத தாள்

அக்கா அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோய், பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு. "தம்பி, இது விசாதானே? வீட்டுக்காரன் கேக்கிறான்" என்றார். அப்போது ஒன்பது வருடமாக அந்தத் தாளோடுதான் இருந்தார். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் நீட்டித்துக்கொண்டு வருவார். இங்கே ஜெர்மனியில் நம்மவர்கள் அதை "டுல்டுங் விசா" என்பார்கள். அந்தப் பெயரிலேயே பிழை இருக்கிறது. டுல்டுங் என்பது விசாவே இல்லை.

ஜெர்மனியின் வதிவிடச் சட்டம் 60ஏ பிரிவில் இதற்குத் தரும் விளக்கம், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் என்பது. அவ்வளவுதான். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் நாட்டைவிட்டு வெளியேறக் கடமைப்பட்டவர். கடவுச்சீட்டு இல்லை, உடல்நிலை இடம் தரவில்லை, குடும்பம் இங்கே இருக்கிறது என்று ஏதோ ஒரு காரணத்தால் இப்போது அனுப்ப முடியவில்லை. அந்தக் கடமை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றுவதை மட்டும் தள்ளிவைக்கிறார்கள். தஞ்ச வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கொடுக்கும் தாள் வேறு; அதற்கு ஔஃப்என்ட்ஹால்ட்ஸ்கெஷ்டாட்டுங் என்று பெயர். இரண்டையும் ஒன்றாகப் பேசி, எந்தத் தாளில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பவர்கள் பலர்.

சொல் பழையது. 'டுல்டன்' என்ற வினைக்குப் பொறுத்துக்கொள்ளுதல், தாங்குதல் என்று பொருள். பொறுமையைக் குறிக்கும் 'கெடுல்ட்' அதன் உடன்பிறப்பு. இன்னும் பின்னால் போனால், சுமத்தல், தூக்குதல் என்ற பொருளுள்ள ஆதி இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று வருகிறது. லத்தீனின் 'டோலராரே'யும், வானத்தைத் தோளில் சுமந்த கிரேக்கத்து அட்லஸின் பெயரும் அந்த வேரோடு சேர்ந்தவை என்பார்கள்.

தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் 'பொறு'. பொறை என்றால் பழந்தமிழில் சுமை, பொறுமையும் அதுவே. பாரம் பொறுத்தல், பிழை பொறுத்தல் இரண்டும் ஒரே வினை. "கொஞ்சம் பொறு" என்றால் காத்திரு என்றும் ஆகிறது. சுமப்பது, சகிப்பது, மன்னிப்பது, காத்திருப்பது நான்கையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். அதனால் அகராதி பார்த்து 'சகிப்பு' என்று எழுதுவதைவிட 'பொறுத்தல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் ஒரு சிக்கல். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்று குறள் சொல்லும் பொறை, பொறுப்பவருக்குப் பெருமை தருவது. டுல்டுங்கில் பொறுப்பதாகச் சொல்லிக்கொள்வது அரசு. பொறுத்துப் பொறுத்து வயது போவது தாள் வைத்திருப்பவருக்கு. ஆகவே சட்டக் கடிதத்தை மொழிபெயர்க்கும்போது நான் 'நாடுகடத்தல் நிறுத்திவைப்பு' என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் படிப்பவர் ஏமாற மாட்டார். 'தற்காலிக வதிவிட அனுமதி' என்று எழுதவே கூடாது. அப்படி எழுதிக் கொடுத்ததை நம்பி, வழக்கறிஞரைப் பார்க்காமல் இருந்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

இந்த ஏற்பாடு 1965ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்திலேயே இருந்தது. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்து சேர்ந்த நம் ஆட்களில் பலருக்கும் இந்தச் சொல் பழக்கமானது. கொஞ்ச காலத்துக்கு என்று வைத்த ஏற்பாடு, நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகப் பத்து, பதினைந்து வருடம் நீண்டது. அதற்கும் ஜெர்மன்காரர் பெயர் வைத்தார்கள்: கெட்டன்டுல்டுங். 'கெட்ட' என்றால் சங்கிலி. தமிழில் 'தொடர் நிறுத்திவைப்பு' எனலாம். பேச்சில் 'சங்கிலி டுல்டுங்' என்றாலே போதும், கேட்பவருக்குப் புரியும்.

அந்தச் சங்கிலியை அறுக்க வந்ததுதான் ஷான்ஸன் ஔஃப்என்ட்ஹால்ட்ஸ்ரெஷ்ட், 'வாய்ப்பு வதிவிட உரிமை'. 2022 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது, அதே வதிவிடச் சட்டத்தின் 104சி பிரிவாக. 2022 அக்டோபர் 31 அன்று ஐந்து ஆண்டுகளாக ஜெர்மனியில் இருந்த, டுல்டுங் வைத்திருந்தவர்களுக்கு 18 மாத அனுமதி கிடைத்தது. அப்போது ஏறத்தாழ 1,37,000 பேர் அந்தக் கணக்கில் வந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் குற்றத் தண்டனை பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது நீட்டிக்கப்படாத அனுமதி. அந்த 18 மாதத்துக்குள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது, வருமானத்தின் பெரும்பகுதியைத் தானே உழைத்துக் காட்ட வேண்டியிருந்தது, ஏ2 என்ற அடிப்படை அளவுக்கு ஜெர்மன் பேச வேண்டியிருந்தது, அந்நாட்டுச் சட்ட ஒழுங்கு பற்றிய அறிவைக் காட்ட வேண்டியிருந்தது. எல்லாம் கைகூடினால் அதே சட்டத்தின் 25பி பிரிவில் வதிவிட அனுமதி; இளையோருக்கு 25ஏ. கூடாவிட்டால் பழைய சிவப்புக் கோட்டுத் தாளுக்கே திரும்ப வேண்டும். மூன்றே ஆண்டு, 2025 முடிவு வரை என்று வைத்தே அந்தப் பிரிவை எழுதினார்கள்.

இதை நம் வானொலிகளிலும் வாட்ஸ்அப்பிலும் "பொதுமன்னிப்பு" என்று சொன்னார்கள். பொருந்தாத சொல். மன்னிக்க இவர்கள் செய்த குற்றம் என்ன? கொடுத்ததும் மன்னிப்பில்லை, தவணை.

அக்கா அந்த 18 மாதத்தையும் ஓடியே கடந்தார். காலையில் ஒரு பாடசாலையில் துப்புரவு, மாலையில் மொழி வகுப்பு, இடையில் கடவுச்சீட்டுக்காகத் தூதரகத்துக்கு மூன்று பயணம். இப்போது கையில் தாள் இல்லை, வதிவிட அனுமதிக்கான கெட்டியான சிறிய அட்டை. போன மாதம் வந்தபோது அடுத்த சொல்லைக் கேட்டார்: நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ். நாம் நிரந்தர வதிவிட உரிமை என்கிறோம். சிலர் குடியுரிமை என்று தவறாகச் சொல்கிறார்கள். குடியுரிமை அதற்கும் அப்பால் உள்ள வேறொன்று. 'நீடர்' என்றால் கீழே, 'லாஸன்' என்றால் விடுதல். தன்னைக் கீழே இறக்கி உட்காரவைப்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். நான் 'குடியமர்வு அனுமதி' என்று எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். "அமர்றதுக்கு இன்னும் எத்தனை வருசம், தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கைப்பையில், அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.