வரைபடம் சிவப்பு, மானி பச்சை: நடுவில் ஒரு விமானம்

"சார், போன்ல நம்ம ஏரியா செவப்பா இருக்கு. மாடியில இருக்கிற உங்க மெஷின் பச்சைங்குது. எது பொய்?"

காற்று மாசு மானிகளை அளவுதிருத்தம் செய்வது என் பிழைப்பு. மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். இரண்டுமே பொய் சொல்லவில்லை என்று நான் சொன்னால், நழுவுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மானி தன் குழாய் வாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி, பெரும்பாலும் ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் தூசியை அளக்கிறது. போனில் தெரியும் அந்த வரைபடத்துக்கு மூலமான செயற்கைக்கோள் தூசியைத் தொடுவதே இல்லை. காற்று மண்டலத்துக்குள் புகுந்து சிதறித் திரும்பும் வெயிலைப் பார்த்து, தரையிலிருந்து உச்சிவரை மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. அந்த மொத்தத்தில் எவ்வளவு நம் மூக்கு மட்டத்தில், எவ்வளவு இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் என்பது அதற்கு நேராகத் தெரியாது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இன்னொரு சிக்கல்: ஈரத்தைக் குடித்துத் துகள்கள் ஊதிப்போகும். தூசி அதே எடைதான், ஆனால் மேலிருந்து பார்த்தால் மூட்டமாகத் தெரியும்.

அடுக்கு அடுக்காக என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் கருவிகளை ஏற்றிக்கொண்டு யாராவது மேலே போய்த்தான் ஆகவேண்டும். 2016 மே, ஜூன் மாதங்களில் தென்கொரியாவில் அதைத்தான் செய்தார்கள். கொரியாவின் தேசிய சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வுக்குக் கோரஸ்-ஏக்யூ என்று பெயர். நாசாவின் டிசி-8 விமானம் 1969-இல் தயாராகி, முதலில் பயணிகளைச் சுமந்த வண்டி. உள்ளே இருக்கைகளை எடுத்துவிட்டுக் கருவி அடுக்குகளை வைத்திருந்தார்கள். அது சியோல் பக்கம் திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும். ஊருக்கு மேல் இஷ்டத்துக்குத் தாழப் பறக்க முடியாது அல்லவா? அதனால் ரன்வேயை நோக்கி இறங்கி வந்து, சக்கரம் படாமலே மறுபடி மேலே எழும். கீழே இருந்து பார்த்தவர்கள் விமானத்துக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓடும் விமானத்தின் குழாய் வாயில் காற்று மோதினால் சூடாகும்; அந்தச் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் போன்ற துகளில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். குழாய் வளைவில் பெரிய துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகுதான் வரும் எண்ணை நம்பலாம். ஒரு நாட்டுக் கருவியும் இன்னொரு நாட்டுக் கருவியும் ஒரே மொழி பேசுகின்றனவா என்று பார்க்க, இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிட்டு ஒப்பிடுவதும் உண்டு. நான் மொட்டை மாடியில் இரண்டு மானிகளை அருகருகே வைத்துச் செய்யும் அதே வேலைதான். அவர்களுடையது கொஞ்சம் செலவு பிடித்த மொட்டை மாடி.

அப்புறம் காகிதம். ஒருமுறை அளவுதிருத்த வாயு சிலிண்டர் ஒன்றே ஒன்று துறைமுகத்தில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டதால் எங்கள் வேலை மொத்தமும் நின்றது. அழுத்தம் ஏற்றிய வாயு என்றாலே அபாயப் பொருள், தனிப் படிவம். விமானம் நிறைய இப்படிப்பட்ட சாமான்களோடு இன்னொரு நாட்டில் இறங்கி, அந்த நாட்டு வான்வெளியில், அதுவும் தலைநகரத்தை ஒட்டி, தாழப் பறக்க வேண்டும் என்றால் எத்தனை மேசைகளில் கையெழுத்து விழவேண்டும்! விருந்தாளி நாட்டின் விஞ்ஞானிகளால் மட்டும் அதை வாங்க முடியாது. வீட்டுக்காரர்கள் கூட்டாளியாக இருந்தால்தான் நடக்கும். அனுமதி எங்கே முடிகிறதோ அங்கே ஆய்வும் திரும்பிவிடும். டிசி-8 சீன வான்வெளிக்குள் போகவில்லை. அங்கிருந்து கிளம்பி மஞ்சள் கடலைக் கடந்து வந்த காற்றைத்தான் கடலுக்கு மேல் பிடித்தது.

கிடைத்த விடை கொரியர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கவில்லை. எல்லாம் சீனப் புகை என்ற பேச்சு அங்கே பரவலாக இருந்தது. 2017-இல் வந்த முதல் அறிக்கை, அந்த ஆய்வுக் காலத்தில் சியோல் ஒலிம்பிக் பூங்காவில் இருந்த பிஎம் 2.5-இல் (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) சுமார் 52 சதவீதம் உள்நாட்டு மூலங்களால், 34 சதவீதம் சீனாவால் வந்தது என்று கணக்கிட்டது. குளிர்காலத்தில் இந்தப் பங்கு மாறலாம், அது வேறு. துகள்களில் பெரும்பகுதி புகைபோக்கியிலிருந்து நேராக வந்ததுகூட இல்லை; வாயுக்கள் காற்றிலேயே வினைபுரிந்து உண்டானவை. பெயின்ட், கரைப்பான்களிலிருந்து எழும் டொலுவீன் ஆவி, தரை மட்டத்தில் மாசாகச் சேரும் ஓசோன் உருவாவதற்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. தென்கொரியாவின் தேசான் பெட்ரோகெமிக்கல் வளாகத்தின் காற்றில், அரசுப் பட்டியலில் இருந்ததைவிட மிக அதிகமாக வாயுக்கள் வெளியேறுவதும் பிடிபட்டது. தனியாக ஒரு நாடு தன் விமானத்தால் தன் தொழிற்சாலையை அளந்து இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு பேர் நம்பியிருப்பார்கள்? இருவர் கருவியும் ஒரே விமானத்தில் இருந்தது, தரவும் பொதுவில் வந்தது என்பதால் மறுத்துப் பேச ஆளில்லாமல் போனது என்றே நினைக்கிறேன்.

2024 தொடக்கத்தில் இதன் அடுத்த கட்டம், ஏசியா-ஏக்யூ. பிலிப்பைன்ஸ், தென்கொரியா, தாய்லாந்து, தைவான் என்று சுற்றினார்கள். டிசி-8-க்கு அதுதான் கடைசி அறிவியல் பயணம். அந்த ஆண்டே ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மாணவர்கள் பழுதுபார்க்கப் பழகும் விமானமாகிவிட்டது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஏசியா-ஏக்யூ சரிபார்க்க முயன்றவற்றில் ஒன்று, 2020-இல் கொரியா செயற்கைக்கோளில் ஏவிய ஜெம்ஸ் கருவி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி, பகலில் மணிக்கொருமுறை ஆசியாவின் காற்றைப் பார்க்கிறது. அதன் பார்வை மேற்கே 75 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை நீளும். சென்னை 80-இல் இருக்கிறது, யாழ்ப்பாணமும் அப்படியே. ஆனால் ஏசியா-ஏக்யூ விமானங்கள் இந்தியா மேல் பறக்கவில்லை.

ஆக, யாராவது சிவப்பு வரைபடத்தை நீட்டினால் இப்போதெல்லாம் நான் மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனை மணிக்கு எடுத்தது? அன்றைக்கு ஈரப்பதம் எவ்வளவு? இந்த எண்ணை நம் ஊர்க் காற்றோடு யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் போனிலேயே பதில் கிடைத்துவிடுகிறது.