ஸ்டெம் செல்: தண்டா, மூலமா, குருத்தா?

தன்னையும் புதுப்பிச்சுக்கிட்டு வேற வகை செல்லையும் உண்டாக்கற ஸ்டெம் செல்லுக்குத் தமிழ்ல என்னனு கேட்டா ஒரே பதில் வராது. தண்டு செல்னு ஒருத்தர் எழுதுவார், மூலச்செல்னு இன்னொருத்தர், விக்கிப்பீடியா பக்கம் போனா குருத்தணு. இதுல நுரையீரல் பத்தி எழுத உட்கார்ந்தா குழப்பம் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா அங்க இந்த செல்லுக்கு வேற ஒரு பேரும் இருக்கு.

சொல் பொறந்தது ஜெர்மனில. எர்ன்ஸ்ட் ஹேக்கல்ங்கற உயிரியலாளர் 1868ல 'ஷ்டாம்செல்'னு எழுதினார். ஷ்டாம்னா அடிமரம், குலம்னும் அர்த்தம் உண்டு, வம்ச மரத்துக்கு அவங்க ஊர்ல ஷ்டாம்பவும்னு பேர். ஹேக்கல் மனசுல அப்ப மருத்துவமே இல்ல, பல செல் உயிர்கள் எல்லாத்துக்கும் மூதாதையான ஒத்தை செல் உயிரியத்தான் அப்படி சொன்னார், அப்புறம் 1877ல கருவுற்ற முட்டைக்கும் அதே பேர வச்சார். இங்கிலீஷ்ல இத பரப்பினது அமெரிக்கர் எட்மண்ட் பீச்சர் வில்சன், 1896ல. 1961ல டொராண்டோல டில், மெக்கல்லக்னு ரெண்டு பேர், கதிர்வீச்சு கொடுத்த எலிக்கு எலும்பு மஜ்ஜை செல்ல ஏத்தி மண்ணீரல்ல முடிச்சு முடிச்சா செல் கூட்டம் வளர்றத காட்டினாங்க. தன்னையும் புதுப்பிச்சுக்கணும், வேற வகை செல்லையும் உண்டாக்கணும்ங்கற இன்னிக்கு இருக்கற அர்த்தம் கெட்டிப்பட்டது அந்த வேலைக்கு அப்புறம்தான்.

அதனால 'தண்டு'ங்கறது எனக்கு ஒட்டல. மூலத்துல இருக்கறது வம்சம், கீரைத்தண்டு இல்ல, அதோட தண்டுவடம்னு ஏற்கெனவே ஒண்ணு முதுகுல இருக்கு. ஹேக்கல் சொன்னதுக்கு 'மூலச்செல்' ரொம்ப கிட்ட வருது, ஆனா ஆஸ்பத்திரில மூலம்னு வாயெடுத்தாலே எந்த டாக்டர்கிட்ட அனுப்புவாங்கனு உங்களுக்கே தெரியும். மிச்சம் குருத்தணு. குருத்து விரிஞ்சு இலையாயிடும், தான் மிஞ்சாது, அது ஒரு குறைதான். வாழைல பார்த்தா மண்ணுக்கடில இருக்கற கிழங்குதான் சரியான ஆள், கன்ன மேல அனுப்பிட்டு தானும் அங்கயே இருக்கும். இருந்தாலும் கிழங்கணுனு யார் சொல்லப்போறாங்க, குருத்தணுவே இருக்கட்டும்.

இப்ப மூச்சுக்குழாய். உள்சுவர வெட்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மேல் வரிசைல பிசிர் ஆட்டற செல், நடுநடுவுல சளி சுரக்கற செல், எல்லாத்துக்கும் கீழ அடிச்சவ்வுல ஒட்டிக்கிட்டு சின்னதா முக்கோணமா சில செல் தெரியும். அதுதான் மூச்சுக்குழாயோட குருத்தணு, அங்க அதுக்குப் பேர் பேசல் செல், தமிழ்ல அடியணுனு சொல்லலாம். மேல இருக்கற ரெண்டு வகையும் இதுலேர்ந்துதான் வருது, எந்த வகையா மாறணும்னு முடிவு பண்றதுல பக்கத்து செல்கள் ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்கற நாட்ச்ங்கற சிக்னலுக்குப் பெரிய பங்கு, அது கூடினா சுரப்பு செல், குறைஞ்சா பிசிர் செல். எலிக்கு அடியணு பெரிய குழாயோட நின்னுடும், மனுஷனுக்கு சின்ன கிளைக்குழாய் வரைக்கும் போகும், அதனால எலில பார்த்தத அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

சும்மா இருக்கறப்ப அடியணு மெதுவாத்தான் வேலை செய்யும். புகை, வைரஸ்னு சுவர் அடிபட்டா உடனே ரெண்டு ரெண்டா பிரிஞ்சு பெருகி ரிப்பேர் பண்ணும். தினமும் சிகரெட்னா இந்த ரிப்பேரே தடம் மாறிடும், அடியணு கும்பலா பெருகும், பிசிர் செல் குறையும், சளி செல் கூடும், சில இடத்துல தோல் மாதிரி தட்டைப் படலம் வந்துடும். சிஓபிடிங்கற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கறவங்க சளிய வெளிய தள்ள முடியாம இருமி இருமி அவதிப்படறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்குவாமஸ்ங்கற தட்டை செல் வகை நுரையீரல் கேன்சர் கிளம்பறதும் அடியணுலேர்ந்துதான்னு கருதறாங்க.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2020ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல 16 பேரோட மூச்சுக்குழாய் செல்ல ஒண்ணொண்ணா எடுத்து டிஎன்ஏ படிச்சாங்க. புகைய விட்டவங்க சிலர்கிட்ட 20லேர்ந்து 40 சதவீத செல், புகையே பிடிக்காதவங்க செல் மாதிரி கிட்டத்தட்ட சுத்தமா இருந்துச்சு. அந்த செல்லுக்கு டீலோமியரும் (குரோமோசோம் நுனில இருக்கற, செல் பிரியப் பிரியத் தேயற தொப்பி) நீளம், அதாவது இவ்வளவு நாள் அதிகம் பிரியாம ஒதுங்கி இருந்த குருத்தணுவோட வாரிசா இருக்கலாம்.

பேர்னு வந்ததால இன்னொண்ணு. சின்ன குழாய்ல இருக்கற ஒரு சுரப்பு செல்லுக்கு முன்னாடி கிளாரா செல்னு பேர். 1937ல அத விவரிச்ச மாக்ஸ் கிளாரா நாஜி கட்சிக்காரர், மரண தண்டனை நிறைவேத்தின கைதிகளோட திசுவ வச்சு ஆராய்ச்சி பண்ணவர். 2013லேர்ந்து ஜர்னல்கள் அந்தப் பேர எடுத்துட்டு கிளப் செல்னு போடுது. பழைய புத்தகத்த வச்சு தமிழ்ல எழுதறவங்க இத மாத்திக்கணும்.

இந்த சொல் நம்ம கண்ணுல அதிகம் படறது விளம்பரத்துலதான், 'ஸ்டெம் செல் போட்டு நுரையீரல புதுசாக்கறோம்'னு. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல போட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ஏற்கெனவே ஏத்துக்கிட்ட சிகிச்சை தவிர வேற எதுக்கும், அனுமதி வாங்கின கிளினிக்கல் ட்ரையலுக்கு வெளிய இத நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது, சிஓபிடியும் அந்த 'வேற எது'ல அடக்கம்.