மொபைல் ஹோம் காப்பீடு: பாலிசியில் எந்த மதிப்பு எழுதியிருக்கிறது?

அமெரிக்காவின் புளோரிடாவில் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். புயலுக்குப் பிறகு ஒரு மூதாட்டியின் மொபைல் ஹோமுக்கு, அதாவது தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்து நிறுத்தும் வீட்டுக்கு, போயிருந்தேன். கூரைத் தகட்டில் பாதியைக் காணவில்லை. கட்டில்மேல் தார்ப்பாய் விரித்திருந்தார். பிஸ்கட் டப்பாவிலிருந்து பாலிசியை எடுத்து நீட்டினார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

ஆனால் அந்தப் பாலிசி தருவது தேய்மானம் கழித்த மதிப்பு. புதுக் கூரை போட என்ன செலவானாலும், பல வருட வெயிலும் மழையும் தின்றது போக மிஞ்சிய மதிப்புதான் கையில் வரும். அதிலும் புயல் சேதம் என்றால் முதலில் நாம் ஏற்க வேண்டிய பங்கு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் சேதத் தொகையை வைத்துக் கணக்கிடுவதில்லை, வீட்டின் காப்பீட்டுத் தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 80,000 டாலர் காப்பீட்டுக்கு 5 சதவீதம் என்றால் 4,000 டாலர். இதை யாராவது அவரிடம் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு 4,000 டாலர் எவ்வளவு பெரிய தொகை!

தேய்மானம் கழிக்காமல் முழுச் செலவையும் தரும் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரீமியம் கூடும், பழைய வீடுகளுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. வீட்டின் வயது அவ்வளவு முக்கியம். 1976 ஜூன் 15-க்கு முன் கட்டியவை மொபைல் ஹோம் கட்டுவதற்கான மத்திய அரசின் தரவிதிக்கு உட்படாதவை. அவற்றுக்குக் காப்பீடு கிடைப்பதே அரிது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் மொபைல் ஹோம்களை நொறுக்கிய பிறகு, 1994-இல் காற்றைத் தாங்கும் விதிகளைக் கடுமையாக்கினார்கள். உங்கள் வீடு எவ்வளவு காற்று வேகம் கொண்ட பகுதிக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறமோ மின்பெட்டி அருகிலோ ஒட்டியிருக்கும் தாள் சொல்லும். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மங்குவதற்குள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைத் தரையோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளையும் படம் எடுங்கள்.

கார் நிறுத்தும் கொட்டகை, வலையடித்த தாழ்வாரம் பாலிசியில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். வீட்டை வேறிடத்துக்கு இழுத்துச் செல்வதாக இருந்தால் அந்தப் பயணத்துக்கும் தனிப் பாதுகாப்பு தேவைப்படும்.

வெள்ளமும் கடல் பொங்கி ஏறுவதும் வழக்கமான பாலிசியில் அடங்கா. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது, ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள்.